பொருள்: வாரன்டியில் உள்ள 18–55 லென்ஸின் முன்பக்க ஆட்டத்தைக் “கீழே விழுந்த சேதம்” என்று எழுதித் திருப்பி அனுப்பியது குறித்து

விடுநர்:
உங்கள் லென்ஸின் வாடிக்கையாளர், கிருஷ்ணகிரி.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் 18–55 மி.மீ. ஜூம் லென்ஸ், வாங்கி ஏழு மாதம் ஆகிறது. வாரன்டி இன்னும் முடியவில்லை. ஃபில்டர் மாட்டும் முன்பகுதி விரல் பட்டாலே ஆடுகிறது. இங்கிருந்து சுமார் 90 கி.மீ. தொலைவில் பெங்களூருவில் உள்ள உங்கள் சேவை மையம் லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, ஜாப் ஷீட்டில் “கீழே விழுந்ததால் சேதம், வாரன்டி பொருந்தாது” என்று எழுதிக் கொடுத்தது. சொன்ன எஸ்டிமேட் புது லென்ஸின் விலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. இதைவிடப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனையும் சொன்னார்கள்.

இந்த லென்ஸ் கீழே விழவில்லை. என் சொல்லை நம்ப வேண்டாம், லென்ஸைப் பார்த்தாலே தெரியும்.

லென்ஸ் முகம் குப்புற விழுந்தால் முதலில் அடி வாங்குவது ஃபில்டர் வளையம்தான். அது துளி நசுங்கினாலும் 58 மி.மீ. ஃபில்டர் நேராக ஏறாது, பாதியில் இறுகி நின்றுவிடும். இதில் ஃபில்டர் இரண்டு விரலால் கடைசிப் புரி வரை ஏறி இறங்குகிறது. வளையத்தில் கீறலும் இல்லை, பெயர்ப்பட்டை வளையத்தில் விரிசலும் இல்லை. விழுந்த லென்ஸில் வழக்கமாக உடைவது உள் பேரலின் (உள்ளே நகரும் குழாயின்) பிளாஸ்டிக் காதுகளும் அதைத் தாங்கும் சிறு பிளாஸ்டிக் துண்டுகளான புஷ்களின் விளிம்பும். இதில் அவை முழுதாக இருக்கின்றன. ஜாப் ஷீட்டை எழுதியவர் இதில் எதைச் சோதித்தார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

உண்மையான காரணம் ஜூம் வளையத்தின் ரப்பருக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் மறுத்த பிறகே அந்த ரப்பரை நீக்கிப் பார்த்தோம். அதற்கு எந்த முத்திரையையும் உடைக்கத் தேவையில்லை. முனை மழுங்கிய பிளாஸ்டிக் பட்டையை ரப்பருக்கு அடியில் விட்டு ஒரு சுற்று சுற்றினால் அது முன்பக்கமாகக் கழன்று வரும். அடியில் மெல்லிய டேப். டேப்பை விலக்கினால் ஸ்க்ரூவை எட்டும் துளை. ஜூமை மெல்லத் திருப்பும்போது 120 பாகை இடைவெளியில் மூன்று ஸ்க்ரூ தலைகள் ஒவ்வொன்றாகத் துளைக்கு நேரே வருகின்றன. ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு சிறிய பிளாஸ்டிக் புஷ்ஷைப் பிடித்திருக்கிறது. அந்த மூன்று புஷ்களும் பேரலில் வெட்டிய சாய்வுப் பள்ளங்களில் வழுக்கிக்கொண்டு போவதால்தான் முன்பகுதி நேராக நீள்கிறது, நேராக உள்ளே போகிறது.

இந்த மூன்றில் இரண்டு ஸ்க்ரூக்களின் தலையோரத்தில் ஸ்க்ரூ கழலாமல் இருக்க உங்கள் தொழிற்சாலை வைக்கும் பூட்டு வண்ணம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அவை இரண்டும் இறுக்கமாக உள்ளன. மூன்றாவதில் வண்ணத்தின் தடமே இல்லை. அது ஒன்றரைச் சுற்று வெளியே வந்து, தன் புஷ்ஷைப் பள்ளத்தில் தளர விட்டிருக்கிறது. கழன்ற பிறகு வண்ணம் உதிர்ந்திருந்தால் தலைக்கடியிலோ பள்ளத்திலோ தூளாவது கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. நெருங்கி எடுத்த படங்களை இணைத்திருக்கிறோம். பூட்டு வண்ணம் வைக்காமல் விட்டது வாடிக்கையாளர் செய்த தவறா?

புஷ் அளவுக்குச் சின்னப் பொருள் இவ்வளவு ஆட்டம் தருமா என்று உங்கள் மையத்தில் கேட்டார்கள். தரும், கணக்கு எளிது. உள் பேரல் வெளிப் பேரலுக்குள் ஏறத்தாழ 15 மி.மீ. நீளத்துக்குத்தான் பிடிமானம் கொண்டிருக்கிறது. புஷ்ஷில் 0.1 மி.மீ. இடைவெளி விழுந்து, முன்முனை அந்தப் பிடிமானத்திலிருந்து 45 மி.மீ. தள்ளி நின்றால், முனையில் அது மூன்று மடங்காகி 0.3 மி.மீ. ஆகிவிடும். ஒரு ஸ்க்ரூவே ஒன்றரைச் சுற்று கழன்றிருந்தால் எவ்வளவு என்று சொல்லவும் வேண்டாம். இந்த லென்ஸ் ஜூமில் 35 மி.மீ. பக்கம் வரும்போது உள்ளே சுருங்கி, 18-இலும் 55-இலும் வெளியே நீள்வது. ஆட்டமும் அதே மாதிரிதான்: நடுவில் குறைவு, இரு முனையிலும் அதிகம். விழுந்து வளைந்த பேரல் இப்படி ஒழுங்காக ஆடாது, ஓரிடத்தில் சிக்கும் அல்லது உரசும். இதில் ஜூம் எங்கும் சிக்கவில்லை.

“கொஞ்சம் ஆட்டம் எல்லா லென்ஸிலும் உண்டு” என்றும் ஒரு பதில் வந்தது. உண்மைதான். விலை குறைந்த பிளாஸ்டிக் ஜூமில் மயிரிழை ஆட்டம் இருந்தே தீரும், அதற்காக யாரும் கடிதம் எழுதுவதில்லை. படத்தில் ஏறுகிறதா இல்லையா என்பதே கேள்வி. அதற்கு ஒரு சோதனை போதும். பொடி எழுத்துள்ள செய்தித்தாளைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டி, கேமராவை ட்ரைபாடில் சுவருக்கு நேராக நிறுத்தி, லென்ஸின் ஒளித்துளையை (அபெர்ச்சரை) முழுதாகத் திறந்து ஒரு படம். பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே இடத்திலிருந்து இன்னொரு படம். மங்கல் கேமராவோடு சேர்ந்து தாளின் எதிர்ப்பக்கம் போனால், உள்ளே ஒரு கண்ணாடி நிலையாக இடம் பெயர்ந்திருக்கிறது. அது அடி பட்டும் வரலாம். எப்படித் திருப்பினாலும் தாளின் ஒரே பக்கம் மங்கினால், முன்பகுதி தன் எடையில் தொங்குகிறது. இந்த லென்ஸில் இரண்டாவதுதான் நடக்கிறது. ஒளித்துளையை f/11 என்ற சிறிய அளவுக்கு மூடினால் மங்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் இரவு வரவேற்பு மேடையில் யாரால் f/11-இல் எடுக்க முடியும்? கால்வரை வரும் முழு உருவப் படத்தில் முகம் கூர்மையாகவும் பட்டுப்புடவையின் கரை குழம்பியும் இருந்தால் பெண் வீட்டார் கேட்கத்தான் செய்வார்கள்.

இதைச் சரிசெய்ய அரைமணி நேரம் போதும். 00 அளவு ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர) ஸ்க்ரூடிரைவர் முனை வேண்டும். சாதாரண பிலிப்ஸ் முனை இந்த ஸ்க்ரூ தலையில் முழுதாக இறங்காமல் வழுக்கித் தலையை அரைத்துவிடும். ஸ்க்ரூ பிளாஸ்டிக்கிலேயே புரி வெட்டிக்கொண்டு போகிற வகை. ஆகவே முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்பி, ‘டக்’கென்று பழைய புரியில் உட்காருவதை உணர்ந்த பிறகே முறுக்க வேண்டும். இல்லையென்றால் புதுப் புரி வெட்டி, இரண்டாம் முறையில் பிடிமானமே போய்விடும். இறுக்கம் வந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பிறகு செய்தித்தாள் சோதனை, அது சரியாக வந்தால் தலையோரத்தில் ஊசிமுனையளவு பூட்டு வண்ணம். அவ்வளவே. தேய்ந்த புஷ் இருந்தால் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் புதிதாகப் போட்டால் பேரல் அந்தப் பக்கம் ஒருக்களித்து நிற்கும்.

இந்தப் புஷ்ஷையும் ஸ்க்ரூவையும் நீங்கள் தனியாக விற்பதில்லை. முன்பகுதி முழுவதையும் ஒரே ஸ்பேராக வைத்து விலை போடுகிறீர்கள், எஸ்டிமேட் ஏறுவது அதனால்தான். அதன் விளைவு எங்கள் ஊர்களில் தெரிகிறது. சேவை மையம் கைவிட்ட லென்ஸை ஊரில் கிடைத்ததை வைத்து ஒட்டுகிறார்கள். உடனே ஒட்டும் பசையின் ஆவி உள்கண்ணாடியில் வெண்படலமாகப் படிந்துவிடுகிறது. மோட்டார் மெக்கானிக் வைத்திருக்கும் ஸ்க்ரூ பூட்டுத் திரவமோ இரும்புக்கானது, பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பேரலை நுண்விரிசல் விட வைக்கிறது. பள்ளத்தில் எண்ணெய் விட்டால் சில நாளில் ஒளித்துளைத் தகடுகளுக்கு ஊர்ந்து அவற்றை ஒட்ட வைக்கிறது. செய்பவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சரியான பாகம் கிடைத்தால் அவர்கள் ஏன் பசையைத் தேடப் போகிறார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜாப் ஷீட்டின் அடியில் “முறையற்ற பயன்பாடு” என்றும் குறித்திருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் கேமரா பையில், பை இருசக்கர வண்டியில், வண்டி ஓசூரிலிருந்து தளி, அஞ்செட்டி வரை. முகூர்த்த நாளில் தருமபுரிக்கும் போகும். வண்டியின் அதிர்வு பூட்டாத ஸ்க்ரூவைக் கழற்றும், பூட்டிய இரண்டை அசைக்கவில்லை என்பதை இந்த லென்ஸே காட்டுகிறது. கிரானைட் குவாரிப் பக்கத்துக் காற்றில் குவார்ட்ஸ் தூசி உண்டு. ஜூம் நீண்டு சுருங்கும்போது காற்றோடு அதையும் உள்ளே இழுக்கிறது. அது புஷ்ஷைத் தேய்க்கும். ஆனால் ஏழு மாதத்தில் தேய்ந்து ஆடும் அளவுக்கு அல்ல, இந்தப் புஷ்களும் தேயவில்லை. பையில் வைத்து வண்டியில் கொண்டுபோவதை முறையற்ற பயன்பாடு என்றால், இந்த லென்ஸை யாருக்காக விற்கிறீர்கள்?

எனவே ஜாப் ஷீட்டில் உள்ள “கீழே விழுந்த சேதம்” என்ற குறிப்பை நீக்கி, வாரன்டியில் இலவசமாகப் பழுது பார்த்துத் தாருங்கள். மூன்று புஷ்களையும் புதிதாகப் போட்டு, மூன்று ஸ்க்ரூவிலும் பூட்டு வண்ணம் வைத்து, ஒளித்துளையை முழுதாகத் திறந்து எடுத்த சோதனைப் படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கூரியர் செலவு உங்களுடையது. புஷ்ஷும் ஸ்க்ரூவும் தனி ஸ்பேராக, பாக எண்ணோடு, கிருஷ்ணகிரி, தருமபுரி கடைகள் வழியாகக் கிடைக்கச் செய்யுங்கள். இதே உற்பத்தித் தொகுதியில் விற்ற மற்ற லென்ஸ்களிலும் அந்த ஸ்க்ரூவை ஒருமுறை சோதிப்பது உங்களுக்கும் நல்லது.

30 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் பதிவாகும். வாடிக்கையாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே பதியலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. படம் எடுத்துச் சம்பாதிப்பதால் இது வணிகப் பயன்பாடு என்று நீங்கள் வாதிடக்கூடும். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்று மட்டும் வாங்கிய பொருளை அந்தச் சட்டம் வணிக நோக்கில் சேர்ப்பதில்லை என்பதை இப்போதே தெரிவித்துவிடுகிறோம்.

லென்ஸ் ரப்பர் கழற்றிய நிலையில், அந்த மூன்றாவது ஸ்க்ரூவைத் தொடாமல், அப்படியே வைத்திருக்கிறோம். உங்கள் பொறியாளர் நேரில் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
கிருஷ்ணகிரி.

இணைப்பு: பில் நகல், வாரன்டி அட்டை நகல், ஜாப் ஷீட் நகல், மூன்று ஸ்க்ரூக்களின் நெருங்கிய படங்கள், செய்தித்தாள் சோதனைப் படங்கள் இரண்டு.