கேம்பர் வேன் கழிவை மழைநீர்க் கால்வாயில் கொட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறை வந்தாலே பெங்களூரிலிருந்து, படுக்கையும் சமையலிடமும் கழிவறையும் உள்ள கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஊட்டிக்கும் கூர்க்குக்கும் கிளம்புகிறோம். சாவி கொடுப்பவர்கள் கழிவறைப் பெட்டியைக் காலி செய்யும் விதத்தையும் சொல்லித் தர வேண்டும்.

வேனில் இருக்கும் கேசட் கழிவறையின், கழற்றி எடுக்கக்கூடிய கழிவுப் பெட்டி பெரும்பாலும் 17 முதல் 20 லிட்டர்தான் கொள்ளும். நான்கு பேர் போனால் இரண்டு நாள் தாங்குவதே பெரிது. முக்கால் பங்கிலேயே காலி செய்யுங்கள். ததும்பத் ததும்பக் கொண்டை ஊசி வளைவு ஏறினால் ரப்பர் வளையத்தில் கசியும். அந்த வளையத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, சிலிக்கோன் மசகுதான். கொட்டும்போது காற்றுப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே காற்று நுழைய வழியின்றிக் களக் களக்கென்று காலில் தெறிக்கும். இருமுறை அலசி, சுமார் 2 லிட்டர் தண்ணீரோடு கழிவறைப் பெட்டிக்கான மருந்தை ஊற்றி வையுங்கள். ஃபார்மால்டிஹைடு மருந்து செப்டிக் டேங்க் நுண்ணுயிர்களைக் கொல்லும். என்சைம் வகையே நல்லது.

பாதாளச் சாக்கடை இணைப்புள்ள கழிவறையில் மட்டுமே கொட்டுங்கள். இங்குள்ள ராஜகால்வாய் மழைநீருக்கானது. அதில் விட்டால் நேரே ஏரிக்குத்தான் போகும். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் நுரைத்ததைப் பார்த்தவர்கள்தானே நாம்? பாத்திரம் கழுவிய நீருக்கும் இதே விதிதான்.

குடிநீர்த் தொட்டிக்குத் தனிக் குழாய் வையுங்கள். பெட்டி அலசிய குழாயை அதில் நுழைக்கவே கூடாது.

நெடுஞ்சாலை ஓய்விடங்களில் கழிவு கொட்டும் தொட்டி ஒன்றை அமைத்துத் தர வேண்டுகிறோம்.

கேம்பர் வேன் பராமரிப்பாளர்கள்,
அல்சூர், பெங்களூரு.