மேல் வரிசைக்காரருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

சித்தியின் திதிக்கு நான் வந்துவிட்டுப் போனதிலிருந்து இதை எழுத நினைத்துக்கொண்டே இருந்தேன். போனில் சொல்லலாம்தான். சொன்னால் "சரிம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்துவிடுவீர்கள். மெயில் அனுப்பினால் திறக்கமாட்டீர்கள். இங்கே எழுதினால் மதுரையிலிருந்து யாராவது உங்களுக்கு ஃபார்வர்ட் செய்வார்கள். ஃபார்வர்டாக வந்த எதையும் நீங்கள் படிக்காமல் விட்டதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். புது ஸ்டேடியத்தில் சீசன் டிக்கெட் இரண்டு எடுத்துவிட்டேன். ஒன்று உங்களுக்கு. கோபம் வரும் என்று தெரியும், வரட்டும்.

வெளியாட்கள் படித்தால் அவர்களுக்காக ஒரு பத்தி. சிகாகோவுக்கு வடக்கே எவன்ஸ்டன் என்று ஊர், அங்கே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். நான் சொல்வது அமெரிக்கன் ஃபுட்பால், காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. ஜேம்ஸ் கேம்பிள் ராஜர்ஸ் வரைந்து 1926-ல் கட்டிய ஸ்டேடியம். முதலில் டைக் ஸ்டேடியம், 1997-லிருந்து ரயன் ஃபீல்ட். 47,000 பேர் உட்காரலாம். 2024-ல் இடித்தார்கள். அதே இடத்தில் 35,000 பேருக்கு ஒன்று எழும்பி, 2026 சீசனுக்குத் திறக்கிறார்கள். செலவு 80 கோடி டாலருக்கும் மேல். சித்தப்பாவின் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். அவர் இடிக்கக் கூடாது என்றார், நான் இடிக்கலாம் என்றேன். வெளியாட்களுக்கு இது போதும்.

உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா, சித்தப்பா? டுலேன் பல்கலைக்கழகம். நீங்கள் எம்.எஸ். படிக்க நியூ ஆர்லியன்ஸுக்கு வந்த காலத்தில் அங்கே ஒரு பெரிய ஸ்டேடியம் செத்துக்கொண்டிருந்தது. அதுவும் 1926-ல் கட்டியதுதான். மூன்று சூப்பர் பவுல் (தொழில்முறை அணிகளின் இறுதிப் போட்டி) நடந்த இடம். 1970-ல் டாம் டெம்ப்ஸி 63 கெஜத்திலிருந்து பந்தை உதைத்து ஜெயிக்க வைத்த இடம். அந்த உதையை நீங்கள் பார்த்திருக்க முடியாது, ஆனால் பார்த்தவர் மாதிரியே சொல்வீர்கள். (இந்தப் பழக்கத்துக்குக் கீழே வருகிறேன்.) 1975 ஆகஸ்டில் சூப்பர்டோம் என்ற கூரை போட்ட புது ஸ்டேடியம் திறந்த அதே நாளில் பழையது இனி ஆகாது என்று அறிவித்தார்கள். சில வருஷம் நின்றது, அப்புறம் இடித்தார்கள். கல்லூரி அணி போய் அந்த ராட்சசக் கூரைக்குக் கீழே, காலி நாற்காலிகளுக்கு நடுவே ஆடியது. வளாகத்துக்குள் சொந்தமாக ஒரு ஸ்டேடியம் மறுபடி வர 2014 ஆனது. "ஒரு காலேஜுக்கு வீடு போச்சுன்னா நாற்பது வருஷம் வாடகை வீடுதான்" என்பீர்கள். அது எனக்கு மனப்பாடம்.

ஆனால் இது டுலேன் இல்லையே. அதே சென்ட்ரல் தெரு, அதே மண். இரண்டு வருஷம் ஏரிக்கரையில் சின்ன மைதானத்தில் ஆடினார்கள், இப்போது திரும்பி வருகிறார்கள். இதைச் சொன்னபோதெல்லாம் நீங்கள் ஹார்வர்டுக்குப் போய்விடுவீர்கள். 1903-ல் கட்டிய கான்கிரீட் இன்னும் நிற்கிறதே, ஒஹையோவில் 1922-ல் கட்டியது நிற்கிறதே, மிச்சிகனில் 1927-ல் கட்டியது நிற்கிறதே, நம்முடையதற்கு மட்டும் என்ன கேடு? ஒஹையோவின் கொலம்பஸில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு லட்சம் பேர் வருகிறார்கள், சித்தப்பா. அந்த வரும்படியில் எதையும் ஒட்டிப் பூசி நிறுத்தலாம். நம் அணி 1979 முதல் 1982 வரை தொடர்ந்து 34 ஆட்டம் தோற்ற அணி. அந்தத் தோல்வி முடிந்த நாளில் பிள்ளைகள் கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் மிச்சிகன் ஏரியில் போட்டார்கள். ஒரு வெற்றிக்கு அந்தப் பாடு! எனக்கு அந்த அணியைப் பிடித்ததே இந்தக் கதையால்தான். ஆனால் இந்தக் கதையை வைத்து 47,000 இருக்கைகளை நிரப்ப முடியாது.

கான்கிரீட் எப்படிச் சாகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான். நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு பாலத்துக்கு அடியில் காரை நிறுத்திக் காட்டினீர்கள். விரிசலுக்குள் தண்ணீர் இறங்கும், உறைந்தால் விரியும், விரிந்தால் இன்னும் கொஞ்சம் பிளக்கும். பனிக்குத் தூவுகிற உப்பு உள்ளே கம்பி வரை போய்த் துருவேற்றும், துருவேறிய கம்பி பருத்து மேல்பூச்சைத் தள்ளும். "ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு ஆணி அடிச்சுட்டுப் போகுதும்மா" என்றீர்கள். பாலம் என்றால் இடித்துக் கட்டு என்பீர்கள், ஸ்டேடியம் என்றால் மட்டும் என்ஜினீயரைக் காணோம்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பர் 4, 2000. நாம் மூன்று பேரும் மேலே, உங்கள் இடத்தில். எனக்கு அப்போது விதிகள் பாதிதான் புரியும், சித்திக்கு அதுவும் இல்லை. அவள் பார்ப்பதெல்லாம் கடிகாரத்தையும் கூட்டத்தின் முகத்தையும்தான். மிச்சிகன் 51, நாம் 46. இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் புள்ளி எடுத்து, தடுக்கிறவர்கள் யாரும் களத்தில் இல்லாத மாதிரி போன ஆட்டம். கடைசியில் நாலாவது டவுன், அதாவது பந்தை முன்னே கொண்டுபோகக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. நம் ஸாக் கஸ்டாக் வீசுகிறார், எண்ட் ஸோனில் (அங்கே பிடித்தால் புள்ளி) நம் டேமியன் ஆண்டர்சன் கைக்கே பந்து வருகிறது, நழுவுகிறது. அன்றைக்கு மட்டும் 268 கெஜம் ஓடிய மனிதர் அப்படியே கீழே கிடந்தார். பந்து மிச்சிகனுக்கு. இனி அவர்கள் நேரத்தை ஓட்டினால் போதும்.

நீங்கள் எழுந்து "போலாம்" என்றீர்கள். சித்தி எழவில்லை.

"டைம் இன்னும் ஓடிட்டிருக்குல்ல?"

"அது சும்மா ஓடுது. ஆட்டம் முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சா அவங்களே நிறுத்துவாங்கல்ல. இருங்க."

நீங்கள் இருக்கவில்லை. தோற்பதைக் கண்ணால் பார்க்க உங்களால் முடியாது, எப்போதும் முடிந்ததில்லை. படியிறங்கி வாசலுக்குள் போய்விட்டீர்கள். நான் யாரோடு இருப்பது என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றேன். சித்தி என் கையைப் பிடித்து உட்காரவைத்து, கைப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த முறுக்கில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அப்போது மிச்சிகனின் ஆண்டனி தாமஸ் பந்தோடு தடுப்பைப் பிளந்துகொண்டு வந்தார். எதிரே யாரும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன், அதனால் நானும் பார்க்கவில்லை. பார்த்தது சித்தி ஒருத்திதான். "ஏய், போட்டுட்டான்!" என்றாள். கூட்டம் கத்துவதற்கு ஒரு கணம் முன்னால் சொன்னாள், சத்தியமாக. பந்து அவர் கையை விட்டு நழுவியிருந்தது. நம்மவர்கள் அதன் மேல் விழுந்திருந்தார்கள். கடிகாரத்தில் 46 வினாடி. அப்புறம் கஸ்டாக்கிடமிருந்து சாம் சிம்மன்ஸுக்கு 11 கெஜத்தில் ஒரு பந்து, ஆறு புள்ளி, அதன்மேல் இரண்டு புள்ளி. 54-51. மிச்சம் 20 வினாடியில் மிச்சிகனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

உங்களைத் தேடிக் கீழே வந்தபோது வாசல் தூணருகே நின்று, யாரோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவின் தோளை உலுக்கி "வாட் ஹேப்பண்ட், வாட் ஹேப்பண்ட்" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். சித்தி உங்களைப் பார்த்துச் சிரித்தாள். நான் பார்த்ததிலேயே அழகான சிரிப்பு அது. வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அவளை ஒவ்வொரு வினாடியாகத் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தீர்கள். அவளுக்கு விதிகளும் தெரியாது, பெயர்களும் தெரியாது. "அந்த உயரமான பையன் இருக்கான்ல, அவன் அப்படி ஓடி வந்து..." நீங்கள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தீர்கள்.

அதற்கப்புறம் எத்தனை விருந்தில், எத்தனை பொங்கல் விழாவில், "தாமஸ் பந்தைப் போட்டப்ப நான் மேலே உட்கார்ந்திருந்தேன்" என்று சொல்லியிருப்பீர்கள்! சித்தி பக்கத்திலேயே நின்று தலையாட்டுவாள், ஒரு தடவைகூடக் காட்டிக்கொடுத்ததில்லை. இப்போது நான் காட்டிக்கொடுக்கிறேன். மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள். ஆனால் அந்த இடத்தைக் காப்பாற்ற நீங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலும் இதே கதையைச் சொந்தக் கதையாகப் போட்டீர்களே, அதில் சித்தி ஒரு வரியில்கூட இல்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஏனென்றால் அந்த மேல் வரிசை அவளுக்கு எப்போதோ மூடிப்போயிருந்தது. முழங்கால் போன பிறகு அவளால் அந்தப் படிகளில் ஏற முடியவில்லை. 1920-களில் கட்டிய ஸ்டேடியங்கள் எல்லாமே ஏறத் தெரிந்த கால்களுக்காகக் கட்டியவை. கீழ் வரிசைக்கு மாறலாம் என்று நான் சொன்னேன். "இங்கேருந்துதான் ஆட்டம் முழுசாத் தெரியும்" என்றீர்கள். சித்தியும் "அவர் இடம் அது, விடு" என்றாள். அவள் சொல்வாள்தான், நீங்கள் கேட்டிருக்க வேண்டாமா? கடைசி வருஷங்களில் சனிக்கிழமைகளில் சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்து, டிவியையும் போட்டுவைப்பாள். டிவி சில வினாடி பிந்தித்தான் வரும். ஸ்டேடியத்தின் சத்தம் முதலில் ஜன்னல் வழியாக வந்துவிடும். "ஏதோ நல்லது நடந்திருக்கு, வா வா" என்று கூப்பிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் டிவி முன்னால் ஓடிப்போய் என்ன நல்லது என்று பார்ப்போம். அது ஒரு தனி விளையாட்டு. உங்களுக்கு இது தெரியாது, நீங்கள் அந்த நேரத்தில் மேலே இருந்தீர்கள்.

நகரசபைக் கூட்டத்தில் நான் எழுந்து பேசியது இதனால்தான். சித்தியின் பெயரைச் சொல்லவில்லை. வயதானவர்கள், முழங்கால், படிகள் என்று பொதுவாகச் சொன்னேன். உங்களை எதிர்த்துப் பேசியதாக எடுத்துக்கொண்டீர்கள். திரும்பும்போது காரில் நீங்கள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அதில் அப்பாவும் வருகிறார், படிக்கிறவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். நான் பதிலுக்குச் சொன்னதையும் எழுதப் போவதில்லை. இரண்டும் நம்மோடு இருக்கட்டும்.

கச்சேரி விஷயத்தில் மட்டும் நீங்கள் சொன்னது நியாயம். புது ஸ்டேடியத்தில் வருஷத்துக்கு ஆறு கச்சேரி என்பது ஃபுட்பாலுக்காகக் கேட்ட அனுமதி இல்லை, வரவு செலவுக்காகக் கேட்டது. நகரசபையில் ஓட்டு சமமாகி மேயர் தன் ஓட்டைப் போட்டு முடிக்க வேண்டியிருந்தது என்றால், ஊரே நம்மைப் போலப் பாதியாகப் பிரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்? பெயர் விஷயமும் அப்படித்தான். பெயரை மாற்றுவதில்லை என்று 1926-ல் தீர்மானமே போட்டிருந்தார்கள், 1997-ல் மாற்றினார்கள். பெரிய பணம் வந்தால் பழைய தீர்மானம் எங்கே நிற்கிறது? இதையெல்லாம் நான் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டும் இடிக்கலாம் என்றுதான் சொல்வேன்.

பழைய ஸ்டேடியத்தின் கடைசி ஆட்டத்துக்கு நான் வரவில்லை என்பது உங்கள் பட்டியலில் முதலில் இருக்கும். 2023 நவம்பர் 18, பெர்டியூ அணியோடு, 23-15 என்று நாம் ஜெயித்த ஆட்டம். வேலை இருந்தது. உண்மையாகவே இருந்தது. வந்திருந்தால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு நாளில் நடக்கப்போகிற ஓட்டெடுப்பைப் பற்றிப் பேசாமல் நான்கு மணி நேரம் எப்படி ஓட்டியிருப்பேன்? சித்தி வீட்டில் தனியாக இருந்தாள், நீங்கள் அங்கே தனியாக இருந்தீர்கள். ஆட்டம் முடிந்து ரொம்ப நேரம் கழித்து வந்தீர்களாம், சாப்பிடவில்லையாம். சித்திதான் போனில் சொன்னாள். அன்றைக்கு உங்கள் மேல் கோபமே வரவில்லை. அடுத்த நாள் வந்தது.

திதியன்று சாம்பார் ஊற்றவா என்று கேட்டதைத் தவிர நீங்கள் என்னிடம் பேசவில்லை. அதுவும் சித்தி ஊற்றுவது மாதிரி கரண்டியைச் சாய்த்து, சாதத்தின் ஓரமாக ஊற்றினீர்கள். வீட்டுக்கு வந்துதான் டிக்கெட்டுக்குப் பணம் கட்டினேன்.

சீட்டுகள் கீழே இருக்கின்றன, நடைபாதை ஓரத்தில். ஆட்டம் முழுசாகத் தெரியாது என்பீர்கள். தெரியாது. பிடிக்கவில்லை என்றால் ஆட்டம் முழுக்கத் திட்டிக்கொண்டே பாருங்கள், அதற்குத் தடையில்லை. தோற்கிற மாதிரி இருந்தால் எழுந்து போக மட்டும் விடமாட்டேன், முறுக்கு என்னிடம்தான் இருக்கும்.

பணம் அனுப்ப வேண்டாம், அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். வரமாட்டீர்கள் என்றால் ஆகஸ்டுக்குள் சொல்லிவிடுங்கள், ஆபீஸில் ஒரு மிச்சிகன் பையன் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்