பயத்தில் சொல்லும் ‘ஆம்’

ஆசிரியர் அவர்களுக்கு,

உக்ரைன் போரை ரஷ்ய மக்களில் பெரும்பான்மையோர் ஆதரிப்பதாக ஒரு கருத்துக்கணிப்பு கூறுகிறது என்று தங்கள் நாளிதழில் வாசித்தேன். படையினரைப் பற்றிப் ‘பொய்த் தகவல்’ பரப்பினால் 15 ஆண்டுகள் வரை சிறை என 2022 மார்ச்சில் சட்டம் கொண்டுவந்த நாடு அது. அங்கே முன்பின் தெரியாதவர் கேட்டால் யார்தான் மறுத்துப் பேசுவார்? தண்டனை தன்னோடு போகும் என்றால் துணிந்து பேசச் சிலர் இருப்பர். வீட்டார் மீதும் விழும் என்றால் வாய் தானாக மூடிக்கொள்ளும். 1941 ஆகஸ்டில், இரண்டாம் உலகப் போரின்போது, சோவியத் தலைவர் ஸ்டாலினின் 270ஆம் இலக்க உத்தரவு, சரணடையும் அதிகாரிகளின் குடும்பத்தாரைக் கைது செய்யச் சொன்னது. சாதாரணச் சிப்பாய் என்றால் குடும்பத்துக்கான அரச உதவி நிறுத்தம். ஜெர்மனியரிடம் பிடிபட்ட சொந்த மகன் யாக்கோவின் மனைவியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

யுத்த காலத்தில் திருகோணமலையில் கடலுக்குப் போகவே பாஸ் வேண்டும். வீட்டில் இருப்போரின் பெயர்களையும் பொலிஸில் பதிய வேண்டும். அந்தத் தாளை அப்பா பொலித்தீன் பையில் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். அப்போது யாராவது வந்து அரசாங்கம் எப்படி என்று கேட்டிருந்தால், “நல்லம்” என்றுதான் சொல்லியிருப்பார். வேறென்ன சொல்வது? எனவே, போர் நடக்கும் நாடுகளின் கருத்துக்கணிப்புகளை வெளியிடும்போது, எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள், அங்கே என்ன சட்டம் நடைமுறையில் உள்ளது என்பதையும் இரண்டு வரியில் சேர்த்துத் தாருங்கள்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.