சுங்கை சிப்புட் நலச் சங்கம்: 2024 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோயில் கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவு வேலை), தீபாவளிக்கு அரிசி கொடுத்தது எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

ஆண்களோடு உறவுள்ள ஆண்களைப் பால்வினை நோய்ப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் வேலை நான் கேட்டு வாங்கியது. "இது சங்கத்துக்கு எதற்கு?" என்று சிலர் கேட்டீர்கள். முப்பது வருஷம் தோட்டத்து டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவன் நான். மறைத்து வைத்த நோய் என்ன செய்யும் என்று லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பார்த்திருக்கிறேன்.

மார்ச்சில் ஒரு தம்பி மண்டபத்து டியூப் லைட்டுக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். செம்புள்ளிகள், அரிப்பில்லை, வலியில்லை. (அவன் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், யார், எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள்.) முன்பு அந்தரங்க இடத்தில் வலிக்காத ஒரு புண் வந்து, அப்போதே ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறான். கவுண்டரில் "சாக்கிட் ஆப்பா?" (என்ன நோய்?) என்று மலாயில் கேட்டார்களாம். பக்கத்து நாற்காலியில் அவன் அம்மாவோடு கோயிலுக்குப் போகிற அக்கா. "டெமாம்" (காய்ச்சல்) என்று சொல்லிவிட்டு, பனடோல் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். புண்ணும் தானாக ஆறியது. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் அப்படித்தான். புண் ஆறும், கிருமி ரத்தத்தில் இருக்கும். ஆரம்பத்தில் பிடித்தால் ஒரே நாள் பென்சிலின் ஊசியோடு முடிகிற விஷயம்.

அரசாங்க கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட். காசு இல்லாமல் யாரும் நிற்கவில்லை, வாய் வராமல் நிற்கிறார்கள். இப்படிப்பட்ட உறவுக்கு மலேசியச் சட்டத்தில் 377ஏ, 377பி என்ற பிரிவுகளில் 20 வருஷம் வரை சிறை இருக்கிறது. வீட்டில் பெண்டாட்டி பிள்ளையும் இருந்தால் எப்படிச் சொல்வான்? அதனால் "டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று மலாயில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, கூடவே போய் உட்காருகிறேன். இங்கே தெரிந்த முகம் அதிகம், ஆகவே ஈப்போவுக்குப் போகிறோம். எச்.ஐ.வி. பயம் என்றால் உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் வரச் சொல்கிறேன். 28 நாள் தடுப்பு மருந்து இருக்கிறது. ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ளவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, சோதனையில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்தால், உறவின் வழியாக அது மற்றவருக்குத் தொற்றாது. இதைக் கேட்டு ஒருவர் காரிலேயே அழுதார்.

இந்த வேலை தொடங்கியதும் ஒன்பது பேர் கூட்டத்துக்கு வருவதில்லை, சந்தாவும் கட்டவில்லை. கோபம் என்மேல் இருக்கட்டும், சந்தாவை நிறுத்தாதீர்கள். பிள்ளைகளின் டியூஷன் அதில்தான் ஓடுகிறது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு கொஞ்சம் குறைவு. பெட்ரோல் என் கைக்காசு. மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும் செயலவைக்கும் நன்றி.

அடுத்த வருஷம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். வார நாளில் காலையில் கார் ஓட்ட ஒருவர் வேண்டும். அறிவுரை சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அந்தத் தம்பிக்கு மார்ச்சில் மறுபடி ரத்தப் பரிசோதனை இருக்கிறது.