பனிப்பாதையில் தனியாகப் போகாதே

மூணாறு,
நவம்பர் 4.

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். செண்டுவாரைச் சித்தப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களைப் பற்றி முதலில் எழுதிவிட வேண்டும்.

கனடாவின் டார்மிகன் சர்க் மலைப்பாதையில் உனக்குப் பின்னால் பனியில் ஒரே ஒரு காலடித் தடம் நீண்டு கிடக்கிறது. போன ஆண்டுப் படங்களில் எல்லாம் ஓரத்தில் மாப்பிள்ளையின் நீலத் தொப்பி தெரியும். அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியை என்னிடம் கொடுத்தாள்.

நீ கார் நிறுத்தும் ஹைவுட் கணவாயின் உயரம் 2,206 மீட்டர் என்று படித்தபோது, நம் ஆனைமுடியே 2,695 மீட்டர் ஆயிற்றே, மலையில் வளர்ந்தவளுக்கு இது புதிதா என்று முதலில் எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது. ஆனால் நாம் பூமத்திய ரேகைக்கு 10 பாகை வடக்கே இருக்கிறோம், நீ 50 பாகைக்கும் மேலே இருக்கிறாய். இங்கே டிசம்பர், ஜனவரியில் பள்ளங்களில் விழும் உறைபனி, தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டு வெயில் ஏறியதும் போய்விடும். அங்கேயோ, ஆட்கள் நடந்து நடந்து இறுகிய பனி பகலில் இளகி, இரவில் கண்ணாடி போல உறைந்து, வெயில் எட்டாத வடக்குச் சரிவுகளில் அப்படியே கிடக்கும். அதன்மேல் புதுப்பனி தூவி மூடிவிட்டால், கால் வைத்த பிறகுதான் தெரியும்.

ஆகவே பூட்ஸுக்கு அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக்ஸை நடக்கத் தொடங்கும்போதே எட்டும் இடத்தில் வைத்துக்கொள். ஒருமுறை சறுக்கட்டும், பிறகு மாட்டலாம் என்று இருக்காதே. ஏறும்போது நின்ற கால் இறங்கும்போது நிற்காது. செங்குத்தான சரிவுக்கு அந்த முட்கள் போதவும் மாட்டா. மேலே புதுப்பனி குவிந்திருந்தால் அது சரிந்து வரவும் கூடும். அப்படிப்பட்ட இடத்தில் திரும்பி வருவதில் எந்தக் குறையும் இல்லை. உள்ளே பருத்திச் சட்டை வேண்டாம், வியர்வையில் நனைந்தால் உலராமல் உடம்புச் சூட்டைக் குடித்துவிடும், கம்பளியே நல்லது. நவம்பர் நடுவில் உனக்குப் பகல் ஏறக்குறைய 9 மணி நேரம்தான், எங்களுக்கோ 11 மணி நேரத்துக்கு மேல். தலையில் கட்டும் விளக்கை எடுத்துக்கொள். கைப்பேசியின் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கிவிடும், அங்கே சிக்னலும் கிடையாது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

உன் படத்தைக் கடைத்தெருவில் எல்லோருக்கும் காட்டினேன். தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை எங்கே போய் நிற்கிறது பார் என்று சொல்லிக் காட்டினேன். 'யாரோடு போனாள்?' என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பனி விழுந்துவிட்டதே, கரடிகள் குகைக்குள் போயிருக்கும் என்று எண்ணிவிடாதே. கிரிஸ்லி கரடிகள் பல நவம்பர் கடைசி வரையிலும் வெளியே திரியும். குகைக்குள் போகுமுன் கொழுப்புச் சேர்ப்பதற்காக ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும் என்று படித்தேன். காக்கைக் கூட்டம் ஓரிடத்தை வட்டமிட்டால், கீழே செத்த மிருகமும் அதைக் காக்கும் கரடியும் இருக்கலாம். எட்டிப் பார்க்க நினைக்காமல் வந்த வழியே திரும்பு. கரடியிடமிருந்து 100 மீட்டர், எல்க் மானிடமிருந்து 30 மீட்டர் விலகி நிற்கச் சொல்கிறது கனடாப் பூங்காத் துறை.

கரடி ஸ்பிரேயை இடுப்பில் வைத்துக்கொள். பைக்குள் வேண்டாம், இடுப்பில். சில மீட்டர் தூரமே பாயும் மிளகாய்க் கார மருந்து அது. பையைத் திறக்கும் நேரத்தில் கரடி வந்துவிடும். கடுங்குளிரில் ஸ்பிரேயின் வேகமும் குறையும், அதன் காலாவதித் தேதியையும் பார். கரடியைக் கண்டு ஓடாதே. மெல்லப் பேசியபடி பின்னால் நகர். திடுக்கிட்டுப் பாய்ந்த கிரிஸ்லி உன்னைத் தொட்டுவிட்டால் மட்டுமே, முதுகுப்பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, பிடரியில் கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும். மலைச்சிங்கம் என்ற பூமாவிடம் படுக்கவே கூடாது. நிமிர்ந்து நின்று, கத்தி, கையில் கிடைத்ததைக் கொண்டு எதிர்க்க வேண்டும். இவையெல்லாம் உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்பிரே இடுப்பில்.

பனிமூட்ட நாளில் கொழுந்து எடுக்கப் போகும் நம் பெண்கள், யானை நிற்கும் என்று தெரிந்த பாதையில் கூட்டமாகவும் உரக்கப் பேசிக்கொண்டும்தான் போவார்கள் என்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவள் நீ. பெரியம்மா வீட்டு வாசலில் நடந்ததற்குப் பிறகும் உனக்கு நான் விளக்க வேண்டுமா? கரடிக்காட்டிலும் அதே முறைதான்: பேச்சுக் குரல் முன்னே போனால் மிருகம் தானே விலகும். தனியாக நடப்பவள் யாரோடு பேசிக்கொண்டு நடப்பாள்? கணுக்கால் பிசகினால் யார் கீழே போய்ச் சொல்வார்கள்?

யாரோடு போகிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆகஸ்டில் அம்மா கேட்டதற்குப் பிறகு நீ எத்தனை வாரம் பேசவில்லை என்பது எனக்கு மறக்கவில்லை. தோழியாக இருக்கட்டும், அலுவலகத்தவராக இருக்கட்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் எது எப்படி இருந்தாலும், நீ எப்போது புறப்பட்டு வந்தாலும், உன் அறை உன்னுடையதே.

டிசம்பர் 1 அன்று ஹைவுட் கணவாய்ச் சாலையை மூடிவிடுவார்கள், ஜூன் 15 அன்றுதான் திறப்பார்கள். அதற்குள் இன்னொரு முறை போகத்தான் செய்வாய். புறப்படுமுன் பாதையின் பெயர், கார் நிறுத்தும் இடம், திரும்பும் நேரம் மூன்றையும் எனக்கும் அங்கே ஒருவருக்கும் எழுதி அனுப்பு. உனக்கு மாலையாகும்போது இங்கே விடிந்திருக்கும். நான் எழுந்துதான் இருப்பேன். காருக்குத் திரும்பி, சிக்னல் கிடைத்ததும் ஒரு வரி போடு.

அன்புடன்,
அப்பா