ஆறு பேர் மனம் மாற ஒரு நகரமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆகஸ்ட் இதழில் ஹிரோஷிமா பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'இரண்டு குண்டுகள் இரண்டு லட்சம் பேரைக் கொன்றன, ஆனால் பல லட்சம் பேரைக் காப்பாற்றின' என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில் பட்டிமன்றம் வைத்தால் பிள்ளைகளும் இதைத்தான் சொல்வார்கள், கைதட்டலும் விழும். கூட்டிக் கழித்தால் சரியாக வருகிற மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் செத்தவர்கள் யார், பணிய வேண்டியவர்கள் யார் என்கிற வரி அந்தக் கணக்கில் இல்லை.

முதலில், அமெரிக்கா ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட ஆகஸ்ட் 6-இல் கதையைத் தொடங்குவதே சரியில்லை. 1945 மார்ச் 9 இரவுக்கும் 10 விடியலுக்கும் இடையில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எரிந்து செத்தார்கள். அணுகுண்டு இல்லாமலேயே. அதுவரை மிக உயரத்தில் பறந்து தொழிற்சாலைகளைக் குறிவைத்துக்கொண்டிருந்த பி-29 விமானங்களைத் தாழப் பறக்கச் சொன்னார் அமெரிக்க ஜெனரல் கர்ட்டிஸ் லெமே. இயந்திரத் துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு அந்த எடைக்கும் சேர்த்து ஒட்டிக்கொண்டு எரியும் நேபாம் தீக்குண்டுகளை ஏற்றினார்கள். சுமார் 280 விமானங்கள். இலக்கு, சுமிதா ஆற்றங்கரையில் மரமும் காகிதமுமாக நெருக்கியடித்து நின்ற வீடுகள். காற்று வேறு பலமாக அடித்த இரவு அது. கொத்தோதோய் பாலத்தில் இந்தக் கரைக்காரர்கள் அக்கரைக்கும், அக்கரைக்காரர்கள் இந்தக் கரைக்கும் தப்பி ஓடினார்கள். நடுப்பாலத்தில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் திரும்ப முடியாமல் நின்றன. தீ பாலத்தின் மேலேயே வந்துவிட்டது.

அந்த ஒரே இரவில் 41 சதுர கிலோமீட்டர் ஊர் அழிந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். மார்ச் 18-ஆம் தேதி பேரரசர் ஹிரோஹிட்டோ காரில் வந்து சாம்பலைப் பார்த்துவிட்டுப் போனார். போர் நின்றதா? இன்னும் ஐந்து மாதம் நடந்தது. அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இதே பாணியில் கொளுத்தப்பட்டன. ஊரை எரித்தால் அரசு பணிந்துவிடும் என்பது உண்மையானால் மார்ச்சிலேயே பணிந்திருக்க வேண்டும்.

சரி, ஆகஸ்டுக்கு வருவோம். 9-ஆம் தேதி காலை ஜப்பானின் உச்சப் போர்க்குழு கூடியது. மொத்தமே ஆறு பேர். ஹிரோஷிமா போய் மூன்று நாள் ஆகியிருந்தது. அன்று அதிகாலை சோவியத் படை ஜப்பான் பிடியில் இருந்த மஞ்சூரியாவுக்குள் நுழைந்திருந்தது. கூட்டம் நடக்கும்போதே நாகசாகியிலும் குண்டு விழுந்த செய்தி வந்தது. அப்போதும் மூன்றுக்கு மூன்று! அரச பதவி நிலைத்தால் போதும், சரணடையலாம் என்றது ஒரு பாதி. ராணுவ அமைச்சர் அனாமியும் இரு தளபதிகளும் ஒத்துக்கொள்ளவில்லை. போர்க்குற்ற விசாரணையை நாங்களே நடத்திக்கொள்கிறோம், ஆயுதத்தையும் நாங்களே கீழே வைக்கிறோம் என்றெல்லாம் நிபந்தனை போட்டார்கள். இரண்டு ஊர்கள் சாம்பலான பிறகும் தங்கள் கழுத்துக்குக் கயிறு வந்துவிடக் கூடாதே என்கிற கவலை. அன்று நள்ளிரவு தாண்டிப் பேரரசர் தலையிட்டுத்தான் முடிவானது.

சமாதானம் வேண்டும் என்று நின்ற கடற்படை அமைச்சர் யோனாய் சில நாள் கழித்துச் சொன்னது இன்னும் கசப்பானது. குண்டும் சோவியத் படையெடுப்பும் ஒருவகையில் தெய்வம் தந்த வரம், உள்நாட்டு நிலைமையால்தான் போரை நிறுத்துகிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை என்றார். 15-ஆம் தேதி மக்களுக்கான வானொலி உரையில் பேரரசர் கொடிய புதுக் குண்டைக் காரணம் காட்டினார். இரண்டு நாள் கழித்துப் படைகளுக்கு விடுத்த ஆணையில் குண்டைப் பற்றிப் பேச்சே இல்லை, சோவியத் படையெடுப்புதான் காரணம். ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒரு சாக்கு!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் இது. கடன்காரனின் குழந்தையைக் கிணற்றுமேல் தொங்கவிட்டு அவனிடம் பேரம் பேசுவதே அக்கிரமம். அவனுக்குக் குழந்தையைப் பற்றிக் கவலையே இல்லை என்று தெரிந்த பிறகும் கயிற்றை விடுவதற்கு என்ன பெயர்?

கட்டுரையாளரின் 'பல லட்சம்' எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நவம்பர் 1-ஆம் தேதி அமெரிக்கப் படை ஜப்பானின் கியூஷூ தீவில் தரையிறங்கும் திட்டம் இருந்தது உண்மை. அதற்கு முன் ஒகினாவா தீவுச் சண்டையில் மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்ததால் அந்தப் பயமும் நியாயமானதே. ஆனால் 'பத்து லட்சம்' என்ற எண் மக்கள் மனதில் பதிந்தது 1947-இல் முன்னாள் போர் அமைச்சர் ஸ்டிம்சன் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். அதிலும் அவர் சொன்னது காயம்பட்டவர்களையும் சேர்த்து. நாளடைவில் அது 'காப்பாற்றப்பட்ட உயிர்கள்' ஆகிவிட்டது.

எனக்குப் பதில் சொல்லச் சிரமமான வாதம் வேறு ஒன்று. ஏனோ கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. ஜப்பானியப் படை சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் கொன்றுகொண்டே இருந்தது. சீனாவின் சுங்கிங் நகரத்து மக்கள் மீது வருடக்கணக்கில் குண்டு வீசியவர்களும் அவர்கள்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோன நம் தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். மிஞ்சியவர்களுக்குப் போர் ஒரு வாரம் முன்னால் முடிந்தாலும் அது உயிர்ப்பிச்சை. இதை லேசாகத் தள்ள முடியாது, நானும் தள்ளவில்லை. ஆனால் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் கையில் இருந்த இன்னொரு வழியை ஏன் விட்டார்கள்? ஜப்பானைச் சரணடையச் சொன்ன போட்ஸ்டாம் பிரகடனத்தின் வரைவில், ஜப்பானில் அரச பதவி அரசியல் சட்டத்துக்கு உட்பட்டு நீடிக்கலாம் என்ற வாசகம் இருந்தது. ஜூலை 26-இல் வெளியிடும்போது அதை எடுத்துவிட்டார்கள். ஹிரோஷிமா, நாகசாகி எல்லாம் முடிந்த பிறகு பேரரசரை அரியணையிலேயே விட்டும் வைத்தார்கள். அந்த ஒரு வரி இருந்தால் அனாமி மசிந்திருப்பார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊரை எரிக்கும் முன் அதைச் சொல்லிப் பார்த்திருக்கலாமே!

'ஹிரோஷிமா ராணுவத் தளம்' என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் வானொலியில் சொன்னதையும் கட்டுரை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு பெரிய ராணுவத் தலைமையகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் குறிவைத்தது அதையா? நகரின் நடுவே இருந்த அயோய் பாலத்தை. பெரிய தொழிற்சாலைகள் ஊருக்கு வெளியே இருந்ததால் பெரும்பாலும் தப்பித்துவிட்டன. மே 31-ஆம் தேதியே அணுகுண்டு பற்றி ஆலோசிக்க வாஷிங்டனில் கூடிய குழு, தொழிலாளர் வீடுகள் சூழ்ந்த ஆலையே நல்ல இலக்கு என்று பேசி முடித்திருந்தது. வீடுகள் தவறிப்போய்ச் சிக்கவில்லை, இலக்கே அவைதான். அன்று காலை பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நகர மையத்தில் இருந்தார்கள். தீ பரவாமல் இருக்க வீடுகளை இடிக்கும் வேலைக்கு அரசு அவர்களை இறக்கியிருந்தது. அவர்களில் ஒரு பையனின் டிபன் பாக்ஸ் இப்போது அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே மதியச் சாப்பாடு அப்படியே கரியாக.

ட்ரூமனுக்கே இது தெரியும். ஆகஸ்ட் 10-ஆம் தேதி தன் உத்தரவில்லாமல் அடுத்த குண்டைப் போடக் கூடாது என்று நிறுத்தினார். இன்னொரு லட்சம் பேரைக் கொல்வதை நினைக்கவே கொடூரமாக இருக்கிறது, அத்தனை குழந்தைகளையும் கொல்ல மனம் வரவில்லை என்று அவர் அமைச்சரவையில் சொன்னதை வணிக அமைச்சர் வாலஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ராணுவத் தளத்தில் அத்தனை குழந்தைகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைக் கட்டுரையாளர் விளக்கினால் நன்றாக இருக்கும்.

அப்புறம் ஒரு திருத்தம். கட்டுரையோடு 'ஹிரோஷிமா' என்று போட்டிருக்கும் படம், உயர்ந்த தண்டும் குடையுமாகப் புகை எழும் அந்தப் படம், நாகசாகியில் எடுத்தது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
தேனி.