சோற்றைத் தொட்டுக்கொள்

கடலூர் முதுநகர்,
ஞாயிறு இரவு.

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

உன் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.2 என்று கேட்டதிலிருந்து உன் அம்மா என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள், என் வழி ரத்தமாம். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. அங்கிருந்து இறங்கி வர வழி இருக்கிறது. எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். மாவுச்சத்துக் குறைந்த சாப்பாடு என்று பெட்டியில் வருவதற்கு நான்கு நாளைக்கு 1,800 ரூபாய் கொடுத்திருக்கிறாய். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முட்டைக்கோஸ் பொரியலும் இரண்டு துண்டு கோழியும். மேலே ஏதோ விதை தூவியிருந்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு தட்டு முட்டை, ஒரு கிலோ நிலக்கடலை, இரண்டு கிலோ கவலை மீன், வாரத்துக்கான காய் எல்லாம் வாங்கிய பிறகும் பஸ் டிக்கெட்டுக்கு மிஞ்சும்.

நம் வீட்டில் சோறு தட்டை நிரப்பியதற்குக் காரணம் ருசி அல்ல, விலை. ரேஷனில் அரிசி 2008 முதல் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் இலவசம். மீனுக்கும் காய்க்கும்தான் காசு. ஆகவே ஒரு துண்டு மீனை வைத்து ஒரு தட்டுச் சோற்றை இறக்கினோம். நீ செய்யவேண்டியது இவ்வளவுதான்: பொரியலை அள்ளிச் சாப்பிடு, சோற்றைத் தொட்டுக்கொள். அதற்காகப் புதிதாக எந்தச் சமையலும் கற்கவேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர், சிறுதானியம் தின்றால் சர்க்கரை ஏறாது என்று மூன்று வேளையும் கேழ்வரகும் சாமையுமாகச் சாப்பிட்டு, பிறகு என்னிடம் வந்து புலம்பினார். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 80 கிராம் மாவுச்சத்து. கேழ்வரகில் 70ஐ ஒட்டி. நார் கூடுதல், நல்லதுதான், ஆனால் அளவு பார்க்காமல் தின்னும் சரக்கு அல்ல. பருப்பிலும் பயறிலும் கூட 60 இருக்கிறது. புரதமும் நாரும் சேர்ந்து வருவதால் மெதுவாக ஏறும், அவ்வளவே. பண்ருட்டி முந்திரியை அம்மா ஒரு டப்பா கொடுத்துவிடப் பார்த்தாள், நான் தடுத்துவிட்டேன். அதில் 30. நிலக்கடலையில் அதில் பாதிதான், விலையோ பல மடங்கு குறைவு. பலாவிலும் பிஞ்சுக் காய் என்றால் பிரட்டிச் சாப்பிடு, பழம் என்றால் இரண்டு சுளையோடு எழுந்துவிடு.

இனி, வரும் நாட்களுக்கும் சேர்த்துச் சமைக்கும் என் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்குத் துறைமுகத்துக்குப் போய்விடுவேன். வஞ்சிரத்தின் பக்கம் திரும்புவதே இல்லை. கவலையோ கானாங்கெளுத்தியோ, அன்று எது மலிவோ அது. (கவலை வாங்கினால் கவலை இல்லை என்று மீன்காரம்மா தினமும் சொல்லும் பழைய வேடிக்கைக்கு நானும் தினமும் சிரிக்கவேண்டும். அதற்கு ஒரு பிடி கூடுதலாகப் போடுவார்.) ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளும் மீன் விலை ஏறிவிடும். அப்போது முட்டையும் கருவாடும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து உப்பை இறக்காமல் சமைக்காதே.

உனக்கு ஒற்றை அடுப்பு, சின்ன பிரிட்ஜ். அதனால் வரிசைதான் முக்கியம். முதலில் பத்து முட்டையை வேகவை. ஓட்டோடு வைத்தால் பிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும், உரித்து வைக்காதே. அது வேகும்போது வெங்காயமும் பூண்டும் அரிந்துகொள். பிறகு குழம்பு. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி, அது உனக்கே தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எதிலும் தேங்காய் போடாதே. குழம்பானாலும் பொரியலானாலும் முதலில் ஊசிப்போவது தேங்காய் விழுந்ததுதான். துருவலைச் சின்னச் சின்னப் பொட்டலமாக பிரீசரில் வைத்துக்கொண்டு, சூடுபண்ணும் நாளில் போடு. மிச்ச மீனை மசாலா தடவி, இரண்டிரண்டு துண்டாகப் பரப்பி அதே பிரீசரில் வை. புதன்கிழமை வேலை முடிந்து வந்து கல்லில் போட்டால் பத்து நிமிடம்.

காயில் முட்டைக்கோஸை நம்பு. முழுதாக வைத்தால் இரண்டு வாரம் தாங்கும், பொடியாக அரிந்து தண்ணீர் தெளிக்காமல் வதக்கினால் குழம்பு ஊற்றிப் பிசையக்கூட வரும். காலிபிளவரைத் துருவிச் சோறு மாதிரி செய்யலாம் என்கிறார்கள், செய்தும் பார்த்தேன். முதல் நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் பிரிட்ஜைத் திறந்தால் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். கீரையை அன்றன்றைக்கு வாங்கு. சமைத்தது எதுவானாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வைத்துவிடு, முட்டை தவிர மற்றதை நான்கு நாளுக்கு மேல் வைக்காதே. வேண்டியதை மட்டும் தனியே எடுத்துச் சூடாக்கு. ஈரக் கரண்டி போட்டால் அத்தனையும் போயிற்று.

ஒன்றை உனக்கு இதுவரை சொன்னதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன், எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த புதிதில், வீராப்பாகச் சோற்றை ஒரே நாளில் நிறுத்தினேன். மாத்திரையை நிறுத்தவில்லை. அது இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை. திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைக்காரர் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்ததால் வீடு வந்தேன். சோற்றைக் குறைக்குமுன் மாத்திரை அளவைக் கேட்கவேண்டாமா என்று டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். உனக்கு இப்போது மாத்திரை இல்லை. என்றைக்காவது எழுதிக் கொடுத்தால், நீ என்ன சாப்பிடுகிறாய் என்பதை முதலில் டாக்டரிடம் சொல்.

வெள்ளிக்கிழமை பெரிய மாமா சென்னைக்கு வருகிறார். நல்லெண்ணெயில் சுண்டவைத்த பூண்டுக் குழம்பு ஒரு டப்பா, வறுத்த நிலக்கடலை ஒரு டப்பா, மசாலாப் பொடி ஒன்று கொடுத்துவிடுகிறேன். அம்மா தனியாக ஒரு பையில் அதிரசம் கட்டி வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை அலுவலகத்தில் கொடுத்துவிடு. போனவாட்டி அனுப்பிய இரண்டு டப்பாவும் இன்னும் வரவில்லை, மாமாவிடமே திருப்பிக் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
அப்பா